வாயில் எண்ணெய் நிற்கும் நேரம்

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. இனி இவரை வீட்டில் பார்க்க முடியாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊரிலெல்லாம் பட்டிமன்றம் உண்டு. பட்டிமன்றம் நடக்கிற மேடையிலெல்லாம் கடைசிப் பேச்சாளர் என் வீட்டுக்காரர், ‘நகைச்சுவைத் தென்றல்’ பேராசிரியர் திரவியம். கடைசியில் பேசுகிறவர்தான் பெரிய ஆள். அவருக்காகத்தான் கூட்டம் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும்.

தொண்டையில் மீன்முள் கிடப்பது போல் இருக்கிறது என்கிறார். கன்னத்தின் உட்பக்கம் எரிச்சல். ரசம் பட்டாலே கண் கலங்குகிறது. குரல் கம்மி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. சோடா, பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் ஆயிற்று.

சனிக்கிழமை செங்கோட்டைக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே டாக்டர் லலிதாம்பிகை என்று ஒரு ஆயுர்வேத மருத்துவர் இருக்கிறார். என் முழங்கால் வலியைக் குறைத்தவர்.

மோட்டார் மறுபடியும் தண்ணீர் இழுக்கவில்லை.

ஜூலை 21

செங்கோட்டை போய் வந்தோம். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்து, நேரம் எடுத்துப் பார்த்தார். சிகரெட் உண்டா என்று கேட்டார். விட்டு வெகுகாலம் ஆயிற்று என்றார் இவர். ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். இருந்தால் அதிமதுரத்தை அளவோடுதான் தர வேண்டுமாம்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவைப் பாதியாக வற்றவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளிக்க வேண்டும். காலையில் இளஞ்சூட்டில் நல்லெண்ணெயை வாய் நிறைய எடுத்து அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் நீர் கசியும்போது துப்பிவிடலாம். வாயில் அடக்கிக்கொள்ளக் கருங்காலி சேர்ந்த மாத்திரை. அதிமதுரப் பொடியை நெய்யில் குழைத்து இரண்டு வேளை. தயிர், ஐஸ், கூட்டம் முடிந்து நடுராத்திரியில் தின்கிற புரோட்டா மூன்றும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் மோசமாம்.

“பேசாம இருந்தா எனக்குச் சோறு யார் போடுவா டாக்டர்? இவ சமையலச் சாப்பிட முடியாமத்தானே நான் ஊர் ஊராப் பேசப் போறேன்” என்றார். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டு செல்போனை நீட்ட, இவர் எழுந்து போனார்.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார்.

“அம்மா, வாய் எரிச்சல் இந்த மருந்துல அடங்கிரும். குரல்தான் எனக்குச் சரியாப் படலை. இவ்வளவு நாள் கம்மல்னா உள்ள கேமரா விட்டுப் பாத்தாகணும். திருநெல்வேலியில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த வாரமே.”

“பயப்படுற மாதிரியா?”

“ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். பாக்காம நான் சொல்ல மாட்டேன். என் மருந்து இதமாத்தான் வைக்கும். இதமா இருந்ததும் குணமாயிருச்சுன்னு நினைச்சு இன்னும் கத்துவாங்க. மேடைக்காரங்க எல்லாரும் செய்யுற தப்பு அது. நான் சொன்னா அவர் ஜோக்காக்கிருவார். நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்.”

நான் சொன்னால் இவர் கேட்பார் என்று நம்புகிற ஒரு ஆளை இன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் டிரைவர் இருந்தார். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஜூலை 22

முதல் நாள் எண்ணெய். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

நான் துணி காயப்போட்டுக்கொண்டே மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். பதில் இல்லை. எதிர்வீட்டுக்காரர் நம் சுவரோரம் குப்பை கொட்டுவதைச் சொன்னேன். பதில் இல்லை. மகள் கோமதிக்குக் கோயம்புத்தூரில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான்.

இவர் விழித்திருக்க, நான் ஒரு பேச்சைத் தொடங்கி அதன் கடைசிவரை போனது கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் என்று நினைக்கிறேன். பத்திரிகையில் நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் எனக்குப் பேச வராது, கேட்கத்தான் வரும் என்று ஆபீஸில் சொல்வார்கள். எனக்குப் பேசவும் வருகிறது.

திருநெல்வேலி விஷயத்தைச் சொல்லவில்லை. முதல் நாளே பயமுறுத்த வேண்டாம்.

ஜூலை 25

பால்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். “என்னம்மா, சார் வாயில எண்ணெய் ஊத்திட்டு நீங்க பட்ஜெட் வாசிக்கீகளாமே?”

விஷயம் இதுதான். நேற்று இவர் ஆலங்குளம் பக்கத்து மேடையில் பேசியிருக்கிறார். “எங்க வீட்டம்மா என் வாய மூட வழி கண்டுபிடிச்சுட்டா. விடிஞ்சதும் ஒரு கரண்டி எண்ணெய். அது வாயில நிக்கிற நேரத்துல அவ பேசுதா பாருங்க, சட்டசபையில பட்ஜெட் வாசிக்கிற மாதிரி. எதிர்க்கட்சி வெளிநடப்புகூடச் செய்ய முடியாது!”

புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது இவருக்கு. பழையவை எனக்கு மனப்பாடம். நான் சுட்ட முறுக்கால் பல் டாக்டர் வீடு கட்டியது. நான் நிருபர் என்பதால், வீட்டுக்குள் நுழைந்ததும் யார், எங்கே, எப்போது என்று மூன்று கேள்வி கேட்டு, நாலாவதாக ‘யார்கூட’ என்று கேட்பது. என் முறுக்கை இவர் டப்பா டப்பாவாகத் தின்பார். இவர் எங்கே போனார் என்று நான் கேட்டதே கிடையாது.

வெள்ளிக்கிழமை ஒரு கொடைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்தால் மரியாதை செய்வார்களாம். வரும்போது டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, டாக்டரம்மா சொன்னதைக் காரில் வைத்துச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 27

பாவூர்ப் பக்கம் கொடை. எனக்குச் சேலையும் மாலையும் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைப்பு: ‘வீட்டுக்கு நிம்மதி பேசும் மனைவியா, பேசாத மனைவியா?’ நடுவர் புலவர் வைகுண்டம்.

இவர் கடைசியில் எழுந்தார். குரல் நன்றாகவே எடுபட்டது. மருந்து வேலை செய்கிறது. எண்ணெய், பட்ஜெட், முறுக்கு எல்லாம் வந்தன. கூட்டம் அப்போதும் அடங்கவில்லை என்று கண்டதும், மேலே ஒன்று போட்டார்.

“எம் பொண்ணக் கட்டிக்கொடுத்தேன். ஒண்ணரை வருசத்துல மாப்பிள்ளை கொண்டாந்து விட்டுட்டாரு. ஏன் மாப்பிள்ளைன்னேன். ‘மாமா, சத்தம் ஜாஸ்தியா வருது. தயாரிச்ச கம்பெனிதானே ரிப்பேர் பாக்கணும்’னாரு. திரும்பிக் கம்பெனியப் பாத்தேன்.” கையை என் பக்கம் நீட்டினார். “அது அதுக்கு மேல சத்தம்!”

விசில் பறந்தது. நடுவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கேமராக்காரர் என் பக்கம் திரும்பினார்.

கோமதி புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, மாப்பிள்ளை அடித்ததில் இடது காது கேட்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறக்கியவர் இவர்தான்.

டீக்கடையில் டிரைவர் இறங்கியதும், “எப்படிட்டி இருந்துச்சு இன்னைக்கு?” என்று கேட்டார்.

“குரல் நல்லா இருந்துச்சு” என்றேன்.

“எல்லாம் உன் கசாயம்தான்.”

ஜூலை 28

திரிபலா வைத்தேன். ரொம்பக் கசக்கிறது என்றார். கசக்கத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 6

கோமதி போன் செய்தாள்.

“அம்மா, அந்த வீடியோவப் பாத்தியா? என் ஆபீஸ்ல ஒருத்தி சிரிச்சிட்டே எனக்கே அனுப்புறா.”

“நான் அங்கதான் இருந்தேன்.”

“தெரியும். முன்வரிசையில. நீ சிரிக்கிறியேம்மா அதுல.”

“கேமரா திரும்புச்சு, கோமதி.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இவர், “கோமதி ஏன் எனக்குப் போன் எடுக்க மாட்டேங்கா?” என்று கேட்டார். வேலை அதிகமாக இருக்கும் என்றேன். இரவுக்கு இட்லி. காரம் இல்லாத தேங்காய்ச் சட்னி.

ஆகஸ்ட் 19

வாய் எரிச்சல் அடியோடு போய்விட்டது. மிளகாய்ப்பொடி தொட்டுத் தோசை சாப்பிட்டார். டாக்டரம்மா கைராசிக்காரர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். முள் குத்துவதும் அதிமதுரம் சாப்பிட்டால் மட்டுப்படுகிறதாம். மேடை ஏறும் முன் ஒரு உருண்டை, இறங்கியதும் ஒரு உருண்டை.

குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மைக்கில் எக்கோவைக் கூட்டி வைத்துச் சமாளிக்கிறார்.

எண்ணெய் நேரத்தில் இன்று என் வேலையைப் பற்றிச் சொன்னேன். தலைமை நிருபர் பதவி வந்தபோது, சென்னைக்கு மாற்றல் என்பதால் இவர் வேண்டாம் என்று சொல்ல, நான் விட்டேன். அது வலித்தது என்று சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு துப்பிவிட்டு, “நாளைக்குச் சுரண்டை போணும், வெள்ளை வேட்டி எடுத்து வை” என்றார்.

செப்டம்பர் 8

டாக்டர் லலிதாம்பிகை என் போனுக்கு அழைத்தார்.

“திருநெல்வேலி போனீங்களா அம்மா? ரிப்போர்ட் என்ன?”

“போகணும்னு இருக்கோம் டாக்டர். கொடை, விநாயகர் சதுர்த்தின்னு நிகழ்ச்சி வரிசையா வந்துட்டுது.”

“இன்னும் போகலையா? அவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லாம இருப்பேனா?”

“அப்படின்னா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. உள்ள பாக்காம இனி நான் மருந்து தர மாட்டேன். மூடி மறைக்கிற வேலை எனக்கு வேண்டாம். அவரை என்கிட்டப் பேசச் சொல்லுங்க.”

சரி என்றேன். நல்ல பெண். தன் தொழிலைத் தெரிந்து செய்கிறவர்.

மாலையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்த் திரிபலாவும் அதிமதுரமும் வாங்கிவந்தேன். செய்முறைதான் தெரியுமே. இவர் தொண்டைக்கு இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

சொல்லலாம் என்றுதான் எண்ணெயோடு போனேன். இவர் மடியில் போன் இருந்தது. எண்ணெயை வாயில் வைத்துக்கொண்டே அந்தப் பாவூர் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். தன் பேச்சுக்குத் தானே தோள் குலுங்கச் சிரித்ததில் எண்ணெய் சட்டையெல்லாம் வழிந்தது.

எண்ணெய்க் கறை போகவில்லை. சீயக்காய் போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 11

மதுரையில் தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றப் படப்பிடிப்பு. இவரை முதலில் பேச வைத்துவிட்டார்கள். ஆட்கள் நாற்காலி தேடி உட்காருகிற நேரத்தில் பேசுவது. கடைசி இடம் விருதுநகர்க்காரர் ஒருவருக்காம். அவரும் மனைவியைப் பற்றித்தான் பேசுகிறார்.

நடுவர் வைகுண்டம் எனக்குப் போன் செய்தார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. திரவியம் பேசுறது கடைசி வரிசைக்குப் போக மாட்டேங்குது. காத்துதான் வருது. கசாயத்துல என்னத்தம்மா கலக்குறீங்க?” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்” என்றேன்.

அக்டோபர் 14

எண்ணெயைத் துப்பிவிட்டு எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“செண்பகம்.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. மேடையில் ‘எங்க வீட்டம்மா’. வீட்டில் ‘ஏட்டி’.

“எனக்கு ஒண்ணும் இல்லேல்லா?” குரல் காகிதத்தைக் கசக்குவது போல் இருந்தது. “ராத்திரியில நெனச்சா பயமா இருக்கு. அந்த டாக்டரம்மா உங்கிட்ட ஏதும் சொன்னாளா?”

அந்த நேரத்தில் இவர் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. சின்ன வயதில் பெண் பார்க்க வந்தபோது, பேசத் தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருடைய முகம்.

“சூடுதான். அலைச்சல். பேச்சைக் குறைச்சா சரியாயிரும்” என்றேன்.

“அப்படித்தான் நானும் நெனச்சேன்” என்றார். உடனே தெம்பாக எழுந்து போய்க் குளித்தார்.

கீரையில் பாதி பூச்சி. தூர எறிய வேண்டியதாயிற்று.

அக்டோபர் 15

இன்று சொல்லியிருக்கலாம். மின்சாரம் இல்லை. மிக்ஸி ஓடவில்லை. அம்மியில் அரைத்ததில் தோள் வலி.

நவம்பர் 6

தீபாவளி. கோமதி வரவில்லை. காலையில் சட்னி அரைக்கிற நேரத்தில் டிவியில் பட்டிமன்றம் ஓடியது. இவர் பேச்சை வெட்டிக் கொஞ்சமே போட்டார்கள். அதிலும் குரல் கேட்காது என்று கீழே எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். முறுக்கு ஜோக் எழுத்தாக ஓடியது. யாரும் சிரிக்கிற சத்தம் வரவில்லை. எழுத்தில் படித்தால் அது ஜோக்காகவே இல்லை.

டிவியை அணைத்துவிட்டு, என்னிடம் ஒரு முறுக்கு கேட்டார். விழுங்க முடியவில்லை. பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 3

காதுக்குள் குத்துகிறது என்கிறார். கஞ்சி மட்டும் இறங்குகிறது. காலையில் துப்பிய எண்ணெயில் சிவப்பாக நூல் போல் ஓடியது. இவரும் பார்த்தார். வெற்றிலைச் சாறு என்றார். வெற்றிலை போட்டு ஒரு மாதமாகிறது.

நானும் வெற்றிலை என்றே வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 15

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி ஆண்டு விழா. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி என்று அரைகுறைக் குரலோடு போனார். பேசி முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு டாக்டர் எழுந்து வந்து, மைக்கை இவர் கையிலிருந்து வாங்கினாராம். தொண்டை டாக்டர், சுந்தரபாண்டியன் என்று பெயர். “சார், நீங்க இப்ப என்கூட வரீங்க” என்று பக்கத்துக் கட்டிடத்துக்கே கூட்டிப் போய்விட்டார். கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டியதாம்.

கேமரா விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இனி ஒரு சொல் பேசக் கூடாது.

டிசம்பர் 22

முடிவு வந்துவிட்டது. புற்று. குரல்நாணில் தொடங்கி அதைத் தாண்டிவிட்டது. வயதானவர்களுக்குச் சொல்கிற மாதிரி டாக்டர் மெதுவாக விளக்கினார். குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. பிறகு ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்திப் பேசப் பழகலாம். பழைய குரல் வராது.

“ஆரம்பத்துல வந்திருந்தா ரேடியேஷன் கரண்ட் வச்சே முடிச்சிருக்கலாம். குரலும் தங்கியிருக்கும்” என்றார். பிறகு ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்: “ஆறு மாசக் கம்மல். உள்ள பாக்கணும்னு யாருமே சொல்லலையா?”

அறையில் இரண்டு பயிற்சி மருத்துவர்களும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். எல்லாரும் இவரைத் தெரிந்தவர்கள். இவர் என்னைப் பார்த்தார்.

“செங்கோட்டை டாக்டரம்மா ஆடியிலேயே சொன்னாங்க” என்றேன். “நானும் இவங்ககிட்டச் சொன்னேன்.”

இவர் நெற்றியைச் சுருக்கி எதையோ தேடினார். எந்த நாள், எந்த இடம் என்று தேடினார் போலிருக்கிறது. பேசக் கூடாது என்று நர்ஸ் கையைக் காட்டியும் நிற்கவில்லை.

“சொல்லியிருப்பா டாக்டர்” என்றார். காற்றுதான் வந்தது. “நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன்.”

பயிற்சி மருத்துவர்கள் சிரித்துவிட்டார்கள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரே தலையைக் குனிந்து சிரித்தார். இந்த நிலையிலும் சார் ஜோக்கை விடவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

இவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை.

ஜனவரி 4

அறுவைச் சிகிச்சை முடிந்தது. எட்டு மணி நேரம் ஆயிற்று. கழுத்தில் துளை வைத்திருக்கிறார்கள். மூச்சு அதன் வழியே சீராக வருகிறது.

கோமதி நேற்றே வந்துவிட்டாள். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் அவளை உள்ளே கூப்பிட்டு, போனில் தட்டித் தட்டி ஏதோ எழுதிக் காட்டினார். அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

“அம்மா, நீ ஆடியிலேயே சொன்னியாமே? ‘அம்மா சொன்னா, நான் கேக்கலை, அவளத் திட்டாத’ன்னு எழுதிக் காட்டுறார்.”

“ஆமா” என்றேன்.

“நீ சொல்லி எதைத்தான் கேட்டார் அவர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீடியோவுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது இப்போதுதான்.

இப்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

“என்னம்மா எழுதுறே?”

“மருந்து விவரம்” என்றேன்.